கரும்பலகையைத் தொட்ட கை

பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. ஒரு கணக்கைப் போட்டுக்காட்டச் சொல்லி ஆசிரியர் ஒரு மாணவனைக் கரும்பலகைக்கு அழைக்கிறார். அவன் எழுந்ததுமே வகுப்பில் ஒரே கூச்சல். மற்ற மாணவர்கள் அவனை முந்திக்கொண்டு ஓடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள் இருந்தன. அவன் பலகையைத் தொடுவதற்குள் அவற்றை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தீட்டு.

அந்த மாணவன் அம்பேத்கர். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது. அதற்கு முன்பு படித்த பள்ளியில் அவர் தனியாக ஒரு சாக்குத் துணியில் உட்கார்ந்தார். பள்ளியைச் சுத்தம் செய்யும் பணியாள் அதைத் தொடமாட்டார் என்பதால், மாலையில் வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் திரும்பக் கொண்டுவந்தார்.

அன்றைய வகுப்பறைத் தொழில்நுட்பம் கரும்பலகைதான். பலகையும் சாக்பீஸும் இருந்தன, கணக்குத் தெரிந்த மாணவனும் இருந்தான். நடுவில் நின்றது சாதி. ஸ்மார்ட் போர்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசும் நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இன்னும் பின்னால் போவோம். 1789-இல் சென்னை எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் ஏற்று நடத்தினார். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் இதைப் பற்றி நூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்தது.

மணலுக்கு விலை கிடையாது. ஆனால் அந்த மணல் பரப்பியிருந்த திண்ணைகளில் சேரிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. கடல் தாண்டிப் போன முறை, ஊருக்கும் சேரிக்கும் நடுவிலிருந்த பாதையைத் தாண்டவில்லை. கருவி மலிவானால் எல்லோருக்கும் கல்வி வந்துவிடும் என்பது உண்மையானால், அது அன்றே வந்திருக்க வேண்டும்.

எனவே நம் முன்னோர் கருவியோடு சேர்த்து இடத்தையும் கேட்டார்கள். 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்று சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. 1894-இல் அடையாறு ஊரூரில் ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழையும், அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழையும் தொடங்கினார்கள். அச்சு என்ற அன்றைய தொழில்நுட்பத்தை அவர்கள் தாங்களே கையில் எடுத்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவருக்குத் தன் வாழ்க்கையைப் பேசும் ஒரு தாள் கிடைத்தது.

நம் காலத்துக்கு வருவோம். 2011-இல் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அதில் குறைகள் உண்டு. எழுத்தறிவின் அடித்தளம் தொடக்கப் பள்ளியில் விழுகிறது, மடிக்கணினியோ மேல்நிலை வகுப்பில்தான் வந்தது. ஆனாலும் அது பூட்டிய கணினி அறையில் இருக்கவில்லை. மாணவியின் சொந்தப் பொருளாகக் காலனி வீட்டுக்குள் வந்தது. தொட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அந்தத் திட்டத்தின் பெரிய சாதனையாக நான் கருதுவது இதையே.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மறுபக்கம் தெரிந்தது. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 24 விழுக்காடு குடும்பங்களுக்கே இணைய வசதி இருந்தது. கிராமப்புறத்தில் சுமார் 15 விழுக்காடுதான். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் என்ற நிலையில் நம் பிள்ளைகளுக்கு வகுப்பே இல்லாமல் போனது. 2021-இல் வந்த ‘இல்லம் தேடிக் கல்வி’, விட்டுப்போன படிப்பை மீட்கத் தன்னார்வலர்களைக் குடியிருப்புகளுக்கு அனுப்பியது. திரையால் ஆகாததை மனிதர்கள் நடந்துபோய்ச் செய்ய வேண்டியிருந்தது.

தொழில்நுட்பம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், நல்லதாகவே வேண்டும். எழுத்துத் தடுமாறும் பிள்ளை கூச்சமில்லாமல் பத்துமுறை கேட்டுப் படிக்க ஒரு டேப் உதவும். ஆனால் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. இருக்கும் ஒரே டேப், நன்றாகப் படிக்கும் பையன் கையில் இருக்கும். எழுத்துக்கூட்டத் தெரியாத சிறுமி பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பாள். சாதியை எதிர்க்கும் நம் இடத்திலேயே ஒரு பின்வரிசை உருவாகியிருந்தது. இப்போது ஒரு நோட்டில் முறை எழுதி வைக்கிறோம். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கே முதல் முறை.

ஊரில் படிப்பகம் நடத்தும் தோழர்கள் இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். உங்களிடம் எத்தனை கருவிகள் உள்ளன என்பதோடு, அவற்றை இதுவரை ஒருமுறைகூடத் தொடாத பிள்ளைகள் யார் யார் என்றும் எழுதுங்கள். அடுத்த வகுப்பை அந்தப் பெயர்களிலிருந்து தொடங்குங்கள்.