கீத் ரிச்சர்ட்ஸின் 'லைஃப்' பிறந்த கதை

ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் பாடகர் மிக் ஜாகர் 1980களின் தொடக்கத்திலேயே தன் வாழ்க்கைக் கதையை எழுதக் கிளம்பினார். லண்டன் பதிப்பகம் ஒன்று பெரிய தொகையை முன்பணமாகக் கொடுத்தது. கொஞ்ச தூரம் போனபின் மனம் ஒப்பவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதே குழுவில் பேஸ் கிதார் வாசித்த பில் வைமன் நாட்குறிப்பு எழுதுகிறவர், துண்டுச் சீட்டைக்கூடப் பத்திரப்படுத்துகிறவர். அவருடைய 'ஸ்டோன் அலோன்' 1990இல் வந்தது. ஆனால் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடல்களின் கிதார் எப்படிப் பிறந்தது என்பதைக் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ்தான் சொல்ல முடியும். ஹெராயினும் கைதும் கோர்ட்டுமாக உலகம் அறிந்திருந்த மனிதர். அவர் உட்கார்ந்து புத்தகம் எழுதுவார் என்று யார் நம்பியிருப்பார்கள்?

2006 ஏப்ரலில் ஃபிஜி தீவில் மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். சில மாதங்களில் மறுபடி மேடை ஏறிவிட்டார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அம்மா டோரிஸ் காலமானார். அதே 2007இல்தான் புத்தகத்துக்கு ஒப்பந்தம் ஆனது. தொகை 70 லட்சம் டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின.

பணத்தைவிடப் பெரிய அதிர்ஷ்டம், கூட உட்கார ஜேம்ஸ் ஃபாக்ஸ் கிடைத்தது. 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1941இல் கென்யாவில் பிரிட்டிஷ் பிரபு ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கை ஆண்டுக்கணக்கில் துருவி 'ஒயிட் மிஸ்சீஃப்' எழுதியவர். கீத்துக்கு 1970களிலிருந்தே நண்பர். இப்படிப்பட்டவர் ஒரே ஆளின் வாய்வார்த்தையை நம்பிப் புத்தகம் போடமாட்டார். கீத்தைப் பேசவிட்டுப் பதிவு செய்தார். பிறகு கூட இருந்தவர்களைத் தேடிப்போய்க் கேட்டார். அவர்கள் சொன்னதை கீத்தின் வாயில் போட்டு மெழுகாமல், அவரவர் குரலிலேயே புத்தகத்துக்குள் விட்டிருக்கிறார்கள். மகன் மார்லன் பேசும் இடங்கள் எனக்கு நெஞ்சை அடைக்கும். 1976 ஐரோப்பியப் பயணத்தில் அவனுக்கு வயது 7கூட ஆகவில்லை. தலையணைக்கடியில் துப்பாக்கி வைத்துத் தூங்கும் அப்பாவைக் கச்சேரிக்கு எழுப்பும் வேலை அந்தப் பையனுடையது. வேறு யாருக்கும் கிட்டே போகத் துணிச்சல் இல்லை. கீத் இதைத் தானே சொல்லியிருந்தால் வீரப்பிரதாபமாகப் போயிருக்கும். மகன் சொல்லும்போதுதான் அந்த வீட்டின் நிலைமை தெரிகிறது.

காகிதமும் கைகொடுத்தது. 1962 ஏப்ரலில், 18 வயதில், கீத் தன் அம்மாவின் சகோதரி ஒருவருக்கு எழுதிய கடிதம் புத்தகத்தில் இருக்கிறது. டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் தான் அமெரிக்க ராக் பாடகர் சக் பெர்ரியின் இசைத்தட்டு வைத்திருந்ததாகவும், ஆரம்பப் பள்ளியில் கூடப் படித்த ஒருவன் வந்து பேச்சுக்கொடுத்ததாகவும் எழுதுகிறார். அந்த ஒருவன்தான் ஜாகர். அந்தச் சந்திப்பை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கதை கட்டியிருக்கிறார்கள். இது நடந்து ஆறு மாதத்துக்குள், புகழ் என்ற ஒன்று எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் எழுதிய சாட்சியம். கடிதத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்த அந்த அம்மாளுக்கு ராக் இசை வரலாறு கடன்பட்டிருக்கிறது.

டேப் ரெக்கார்டருக்கும் கீத்துக்கும் பழைய உறவு. 1965இல் ஓர் இரவு, படுக்கைப் பக்கத்தில் வைத்திருந்த பிலிப்ஸ் கேசட் ரெக்கார்டர் காலையில் பார்த்தால் கடைசிவரை ஓடியிருந்தது. திருப்பிப் போட்டுக் கேட்டால் 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' பாட்டின் ஆரம்பம் இருக்கிறது, கிதார் மீட்டும் பிக் கீழே விழும் சத்தம் இருக்கிறது, அப்புறம் 40 நிமிடம் குறட்டை. வாசித்தது அவருக்கே ஞாபகமில்லை!

ஆனால் விரல்கள் கற்றது எதுவும் அவருக்கு மறக்கவில்லை. புத்தகத்தின் உச்சம் என்று நான் நினைப்பது, ஆறாவது கம்பியைக் கழற்றிய கதை. 1960களின் கடைசியில் ஓப்பன் ஜி ட்யூனிங் அவர் கைக்கு வந்தது, அதில் அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடருக்குப் பங்குண்டு. தடித்த கம்பியை எடுத்துவிட்டு மிச்சம் ஐந்தையும் ஜி, டி, ஜி, பி, டி என்று கட்டுகிறார். விரலே வைக்காமல் மீட்டினாலும் முழு ஜி மேஜர் கேட்கும். ஆள்காட்டி விரலை 5ஆவது ஃபிரெட்டில் குறுக்கே படுக்கவைத்தால் சி மேஜர். அதை எடுக்காமலே நடுவிரலை இரண்டாம் கம்பியில் 6ஆவது ஃபிரெட்டிலும், மோதிர விரலை நான்காம் கம்பியில் 7ஆவதிலும் ஊன்றினால் எஃப் மேஜர். ஊன்றி எடுத்து, ஊன்றி எடுத்து வாசித்தால் 'ஸ்டார்ட் மீ அப்' கதவைத் திறந்துகொண்டு வந்துவிடும். கிதார் கையில் வைத்திருக்கும் எவரும் சாயங்காலத்துக்குள் பிடித்துவிடலாம். அந்தத் தாளத்தில் அவர் விடும் இடைவெளியைத்தான் பிடிக்க முடியாது. ஐந்து கம்பிக்குள் அடங்கிய பிறகுதான் தனக்கு வழி திறந்தது என்று மகிழ்ச்சி பொங்கச் சொல்லிக்கொண்டே போகிறார். தொழில் ரகசியத்தை இவ்வளவு தாராளமாகத் தூக்கிக் கொடுத்த நட்சத்திரங்கள் அதிகமில்லை.

2010 அக்டோபரில் 'லைஃப்' வெளிவந்ததும் பத்திரிகைகள் இந்தப் பக்கங்களை விட்டுவிட்டு, ஜாகரைக் கேவலப்படுத்தும் சில வரிகளைப் பிடித்துக்கொண்டன. அந்த வரிகள் தேவையே இல்லை. பிறகு கீத்தே வருத்தம் தெரிவித்தார். குழுவின் ஆரம்பகாலக் கிதார் கலைஞர், இறந்துபோன பிரையன் ஜோன்ஸிடமும் கீத் காட்டும் கடுமை நியாயமல்ல. பதில் சொல்ல அவர் இல்லையே. அதற்காக, 500 பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தை வம்புக் கதை என்று ஒதுக்கியவர்கள் நல்ல சங்கீதப் பாடம் ஒன்றைத் தவறவிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. 2011இல் நார்மன் மெய்லர் பரிசும் கிடைத்தது.

எனக்கு அதில் மிகப் பிடித்த மனிதர் தாத்தா கஸ். அம்மாவைப் பெற்றவர், 1930களில் நடன இசைக்குழு நடத்தியவர். அவர் வீட்டில் பியானோ மேல் ஒரு கிதார் இருக்கும். எட்டும் உயரம் வந்தால் எடுத்துக்கொள் என்றார். எட்டியதும் 'மலகேனியா' என்ற ஸ்பானிய இசைத்துண்டைப் பழகச் சொன்னார். பேரன் வருகிறான் என்று தெரிந்தால் மட்டுமே அந்தக் கிதாரை எடுத்துத் துடைத்து மேலே வைப்பாராம். கஸ் போன பிறகுதான் கீத்துக்கு இது தெரிந்தது. 'லைஃப்' வந்த நான்கு ஆண்டில், 2014இல், இந்தத் தாத்தா கதை மட்டும் தனியே 'கஸ் அண்ட் மீ' என்ற குழந்தைகள் புத்தகமாக வந்தது. படங்கள் வரைந்தவர் கீத்தின் மகள் தியோடோரா. கஸ்ஸின் முழுப்பெயர் தியோடர் அகஸ்டஸ் டுப்ரி.