பஞ்சாய் அமுங்கும் பின்பிரேக்: பழைய பைக்கில் குறை காணும் முறை

1. எல்லை

டிரம் பிரேக்கின் தொய்வு வேறு வகை; அதை இங்கே எடுக்கவில்லை. இரு சக்கரங்களிலும் டிஸ்க்குடன் 2007இல் வந்த பஜாஜ் பல்சர் 220 போல, இன்று கைமாறி ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் பின் டிஸ்க் பிரேக்கே ஆய்வுப் பொருள். “பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது” என்று கேட்டதுமே பட்டறையில் ஸ்பானர் ப்ளீடர் நிப்பிளுக்குப் போய்விடுகிறது. ஏர் எடுப்பது பல குறைகளுள் ஒன்றுக்குத்தான் தீர்வு. எந்தக் குறை என்பதைப் பெடலே காட்டிக்கொடுக்கும்.

2. பெடலின் குறிகள்

வண்டியை நிறுத்திவிட்டுப் பெடலைக் கையால் அழுத்த வேண்டும். ஷூ போட்ட காலுக்கு நுணுக்கம் தெரியாது. அடுத்தடுத்து அழுத்தும்போது பெடல் உயர்ந்து இறுகினால் காற்று இருக்கலாம். அல்லது வளைந்த டிஸ்க், பேடுகளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கலாம். ஒரே அழுத்தத்தில் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழிறங்கினால், வெளியே எங்கும் கசிவில்லாத நிலையில், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. காலையில் இறுக்கமாக இருந்து மலை இறக்கத்தில் தொய்ந்தால் பிரேக் ஆயிலில் நீர் சேர்ந்திருக்கிறது. எத்தனை முறை அழுத்தினாலும் மாறாமல் ஸ்பிரிங் போலத் துள்ளினால் ஹோஸையும் காலிபரையும் பார்க்க வேண்டும்.

3. காற்றின் கணக்கு

மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 12.7 மி.மீ., பெடலின் நெம்பு விகிதம் 4 என்று வைத்துக்கொள்வோம். உள்ளே அரை மில்லி காற்று. வளிமண்டலத்தைப் போல 20 மடங்கு அழுத்தம் ஏறும்போது அந்தக் காற்று 0.025 மில்லியாகச் சுருங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டவே பிஸ்டன் ஏறக்குறைய 3.75 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். கால்படும் இடத்தில் அது 15 மி.மீ. கடுகளவு குமிழிகள் நூற்றுக்கும் மேல் சேர்ந்தால்தான் இந்த நிலை வரும்.

பின்பிரேக்கில் ஏர் எடுப்பது முன்பிரேக்கைவிடச் சிரமம். ஹோஸ் ஸ்விங் ஆர்மை ஒட்டி வளைந்து செல்கிறது. வளைவின் மேட்டிலும் மாஸ்டர் சிலிண்டரின் பேஞ்சோ போல்ட் அருகிலும் காற்று தங்கும். பெடலை மிதித்து ஆயிலைக் காலிபர் பக்கம் தள்ளுகிறோம். குமிழியோ மேல்நோக்கியே நகரும். எனவே நிப்பிளில் சிரிஞ்சைப் பொருத்தி, ஆயிலைக் கீழிருந்து மேலே செலுத்துவதே சரியான வழி என்பது என் கருத்து. பிரேக் ஆயில் டேங்கிலிருந்து பழைய ஆயிலை முதலில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். வழிந்தால் பெயின்ட் போய்விடும். நிப்பிள் காலிபரின் உச்சியில் அமையாத வண்டிகளில், காலிபரைக் கழற்றி நிப்பிள் மேலே வருமாறு சாய்த்து, பேடுகளுக்கிடையே டிஸ்க் அளவுக்கு ஒரு தகடு வைத்து ஏர் எடுக்க வேண்டும்.

4. ஆயில்

டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230° செ.; 3.7 சதவீதம் நீர் கலந்தபின் அந்த வரம்பு 155°. நீர், ஹோஸின் ரப்பர் வழியாகவே உள்ளே வந்துவிடும். டேங்கில் தேநீர் நிறம் தெரிந்தால் சோதனை தேவையில்லை, முழுவதையும் மாற்றுங்கள்.

5. பெடல் உயரம் என்னும் பொய்த் தீர்வு

கைமாறிய வண்டிகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். தொய்வை மறைக்க யாரோ புஷ்ராடை நீட்டிப் பெடலை உயர்த்தியிருப்பார்கள். பெடலில் சிறிதும் ஆட்டம் இல்லாவிட்டால் பிஸ்டன் முழுமையாகப் பின்வாங்காது; ஆயில் டேங்குக்குத் திரும்பும் நுண்துளை மூடியே கிடக்கும். பேடுகள் டிஸ்க்கை உரசிக்கொண்டே வரும், சூடேறும், ஆயில் கொதிக்கும், சில கிலோமீட்டரில் பெடல் மீண்டும் தொய்யும். விற்பவர் தெருமுனை வரை ஓட்டிக் காட்டும்போது இது தெரியாது. உயிரோடு விளையாடும் வேலை இது.

6. பிரித்தறியும் சோதனை

காலிபரின் சறுக்குப் பின்களில் துரு பிடித்திருந்தால் காலிபர் நகராமல் வளையும். அந்த வளைவும் காலுக்குத் தொய்வாகவே படும். பின்களைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவலாம். அதன்பிறகும் ஐயம் தீராவிட்டால், ஹோஸைக் கழற்றி மாஸ்டர் சிலிண்டரின் வாயைப் பொருத்தமான போல்ட்டும் புது வாஷரும் கொண்டு அடைத்து, அங்கே காற்றில்லாமல் செய்து, பெடலை அழுத்துங்கள். கல்லாக நின்றால் குறை ஹோஸிலோ காலிபரிலோ இருக்கிறது. அப்போதும் இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரின் கிட்டை வாங்கி வாருங்கள்.