நந்த்ரோங்காவின் டிவியும் கையில் இருக்கும் போனும்

பிஜி என்றதும் நமக்குப் பாரதியின் கரும்புத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். இளம்பெண்களின் உடல்தோற்றக் கவலையை ஆராய்பவர்களுக்கு நினைவுக்கு வருவது 1995-இல் அங்கே நந்த்ரோங்கா பகுதிக்கு வந்துசேர்ந்த தொலைக்காட்சி. ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர், டிவி வந்த சில வாரங்களுக்குள் பூர்வகுடி மாணவிகள் 63 பேரிடம் உணவு, உடல் பற்றிக் கேட்டார். 1998-இல் வேறு 65 பேரிடம் அதே கேள்விகள்.

அந்த ஊரில் வாட்டசாட்டமான உடம்புக்குத்தான் மதிப்பு. பிள்ளை மெலிந்தால் வீட்டார் கவனிக்கவில்லை என்று பேச்சு வரும். பசி மந்தித்துப்போவதற்கு ‘மதாகே’ என்று நோய்ப்பெயரே உண்டு. “ஏண்டி இப்படி இளைச்சுப்போயிட்டே” என்று நம் பாட்டிமார் பதறுவதும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

மூன்றே ஆண்டில் நிலைமை மாறியிருந்தது. உணவுப் பழக்கக் கோளாற்றைக் காட்டும் மதிப்பெண் பெற்றவர்கள் 12.7 சதவீதத்திலிருந்து 29.2 ஆகியிருந்தார்கள். எடை குறைக்க வலிய வாந்தியெடுப்பவர் முதலில் ஒருவர்கூட இல்லை, பிறகு 11.3 சதவீதம். 1998-இல் கேட்டவர்களில் 74 சதவீதத்தினர் தாங்கள் குண்டு என்று எப்போதாவது நினைத்திருந்தார்கள். அமெரிக்கத் தொடர்களின் நாயகிகளைப் போல ஒல்லியானால் நல்ல வேலை கிடைக்கும் என்று நம்பிய பெண்களும் இருந்தார்கள். இதை வெறும் அழகுப் பித்து என்று நான் ஒதுக்கமாட்டேன். வேலை தேடி ஊரைத் தாண்டப் பார்த்த பிள்ளைகளுக்கு வெளியுலகத்தின் முகமாகக் கண்ணில் பட்டவர்கள் அந்த நாயகிகள்தான்.

இன்ஸ்டாகிராமின் கதை வேறு மாதிரி வெளியே வந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் தனக்குள்ளேயே நடத்திய ஆய்வுகளை 2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அம்பலப்படுத்தியது. தங்கள் உடலை நினைத்து வருந்திய பதின்பருவப் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியதாகச் சொல்லியிருந்தார்கள். ஏற்கெனவே வருத்தத்தில் இருந்தவர்களிடம் கேட்ட கணக்கு இது என்று நிறுவனம் மறுத்தது. அந்த மறுப்பில் நியாயம் இல்லாமலில்லை. பிஜி ஆய்விலும் இரு முறையும் கேட்கப்பட்டவர்கள் வெவ்வேறு பெண்கள். டிவி வராத ஊரோடு ஒப்பிடவும் இல்லை. இரண்டிலுமே திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது.

இரண்டையும் ஒப்பிடுபவர்கள் வழக்கமாகச் சொல்வது, டிவியில் வந்தவள் எட்டாத நடிகை, போனில் வருபவள் பக்கத்து வகுப்புத் தோழி, அதனால் போன்தான் கொடியது என்று. பாதி சரி. நடிகையின் இடுப்புக்கு யாரும் லைக் எண்ணிக்கை போட்டு நம் இடுப்போடு ஒப்பிட்டதில்லை. ஃபில்டர் போட்ட செல்ஃபியில் பெண் தன் முகத்திடமே தோற்கிறாள். டிவிக்கு அந்த வித்தை தெரியாது.

ஆனால் தோழி புதிதாக வந்தவள் அல்ல. பெக்கரும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட இன்னொரு பிஜி ஆய்வில், ஒரு பெண் தானே டிவி பார்ப்பதைத் தனியாகக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், தோழிகள் பார்ப்பதற்கும் அவளுடைய உணவுக் கோளாற்றுக்கும் தொடர்பு தெரிந்தது. திரையில் கண்டது பள்ளிக்கூடப் பேச்சாகி, கேலியாகி, டிவி இல்லாத வீட்டுப் பெண்ணின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போயிருக்க வேண்டும். அன்று நடிகைக்கும் தோழிக்கும் நடுவே கொஞ்ச தூரம் இருந்தது. இன்ஸ்டாகிராம் அதை அழித்து இருவரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது.

இதற்கான மருந்துகளோ இன்னும் நடிகையைக் குறிவைத்தே தயாராகின்றன. லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதியை 2021-இல் இன்ஸ்டாகிராம் தந்தது உண்மைதான். வேண்டுபவர்கள் மட்டும் மறைத்துக்கொள்ளலாம். அதே ஆண்டு நார்வே, உடலமைப்பைத் திருத்திய விளம்பரப் படங்களில் அதைத் தெரிவிக்கும் முத்திரை வேண்டும் என்று சட்டம் செய்தது. விளம்பர நிறுவனங்களையும், காசு வாங்கிக்கொண்டு பதிவிடுபவர்களையும் அது கட்டுப்படுத்தும். பக்கத்து பெஞ்சுக்காரி நேற்று ராத்திரி இடுப்பைச் சுருக்கிப் போட்ட படத்துக்கு அந்த முத்திரை வேண்டியதில்லை.