கூந்தன்குளம் பால்பாண்டி

கூந்தன்குளம் பால்பாண்டி (இறப்பு: ஜூன் 2021) திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்திலுள்ள கூந்தன்குளம் கிராமத்தைச் சேர்ந்த பறவை ஆர்வலர். கூட்டிலிருந்து தவறி விழுந்த நாரை, கூழைக்கடாக் குஞ்சுகளை எடுத்து வளர்த்துப் பறக்கவிட்டவர். பத்திரிகைகள் அவரைப் ‘பறவை மனிதர்’ என்று எழுதின.

ஊரும் குளமும்

மணிமுத்தாறு கால்வாய்த் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து நிரப்புகிற பாசனக் குளம் கூந்தன்குளத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள காடன்குளத்தையும் சேர்த்து 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் முதலியவை இங்கே கூடு கட்டுகின்றன. பூநாரைகள் வந்து இரை தேடும். மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைக் கடந்து வருகிற வரித்தலை வாத்துகள் பனிக்காலத்தை இங்கே கழிக்கும். கூடுகள் குளத்துக் கருவேல மரங்களோடு நிற்பதில்லை. ஊருக்குள் தெருவோரத்திலும் வீட்டுப் புறக்கடையிலும் நிற்கிற மரங்களிலும் நாரைகள் குடியேறிவிடும்.

எச்சமும் மீன் நாற்றமும் இரவு பகலாகக் கேட்கிற சத்தமும் அந்த வீட்டுக்காரர்களுக்குப் பழகிப்போனவை. பதிலுக்கு, எச்சம் ஊறிய குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது. கோடையில் வண்டல் மண்ணையும் அள்ளிக் கொண்டுபோய் வயலில் கொட்டுவார்கள்.

விழுந்த குஞ்சுகள்

மஞ்சள்மூக்கு நாரை சுள்ளிகளை அடுக்கித்தான் கூடு கட்டும். ஒரே மரத்தில் பல கூடுகள் நெருங்கியிருக்கும். காற்று பலமாக அடித்தாலோ, தாய்ப்பறவை கொண்டுவந்த மீனுக்குக் குஞ்சுகள் முண்டியடித்தாலோ ஒன்றிரண்டு கீழே விழும். விழுந்ததைத் தாய் திரும்பத் தூக்கிப்போவதில்லை. நாயும் காக்கையும் முந்திக்கொள்ளும்.

பால்பாண்டியின் வேலை அந்த இடத்தில் தொடங்கியது. விழுந்த குஞ்சை வீட்டுக்கு எடுத்துவந்து, காயம்பட்டிருந்தால் மருந்திட்டு, சின்ன மீன்களாகப் பார்த்து ஊட்டுவார். கூட்டில் தாய்ப்பறவை பகலெல்லாம் மீன் தேடி வந்து கக்கிக் கொடுக்கிற தீனியை, ஒரு மனிதர் மீன் வாங்கிக் கொடுத்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. நாரைக் குஞ்சு பறக்கப் பழக ஏறத்தாழ இரண்டு மாதம் பிடிக்கும். மனைவி வள்ளித்தாயும் இதில் அவரோடு பாடுபட்டார். இறக்கை முற்றியதும் பறவை குளத்துக்குப் போய்ச் சேரும்.

வனத்துறையின் காவலர் பணியும் அவர் பார்த்தார். வெளியூரிலிருந்து வரும் மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பறவைகளைப் பெயர் சொல்லிக் காட்டுவார்.

வெடிக்காத ஊர்

திருநெல்வேலியிலிருந்து நான்குவழிச் சாலையில் வடக்கே கோவில்பட்டி, சாத்தூர் தாண்டினால் பட்டாசு நாடு. சிவகாசியிலும் எம். புதுப்பட்டி போன்ற சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் மருந்து செலுத்துவதும் திரி வைப்பதும் பலருக்குப் பிழைப்பு. அங்கே தயாராகும் வெடி கூந்தன்குளத்தில் தீபாவளிக்கும் வெடிப்பதில்லை. 2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளி வெடிக்கு இரண்டு மணி நேரம் என வரம்பு வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர் தானாக எடுத்த முடிவு அது.

தீபாவளியை விட்டுக்கொடுப்பது எளிது. ஐப்பசியில் பறவைகள் அப்போதுதான் வரத் தொடங்கியிருக்கும். கோயில் கொடை விழாவும் கல்யாணமும்தான் கடினம். கூடு கட்டும் காலம் தை தொடங்கி ஆனி வரை நீள்கிறது. கொடைக் காலமும் அதற்குள்தான் வருகிறது. ஒரு வெடிச் சத்தத்தில் தாய்ப்பறவைகள் கலைந்து எழுந்தால் முட்டைகள் வெயிலில் கிடக்கும், குஞ்சுகள் மிரண்டு விழும். ஆகவே அந்த நாட்களிலும் ஊரார் வெடியைத் தவிர்க்கிறார்கள். சிவகங்கை மாவட்டத்தில் 1977-இல் சரணாலயமான வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும், ஈரோட்டருகே வெள்ளோட்டிலும் இதே வழக்கம் உண்டு.

மறைவுக்குப் பின்

கொரோனா இரண்டாம் அலையின்போது பால்பாண்டி காலமானார். கூந்தன்குளம் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த செய்தி அடுத்த ஆண்டு, 2022-இல் வெளியானது. ஊருக்குள் வீட்டு மரங்களில் கட்டப்படும் கூடுகளைப் பார்த்துக்கொள்வது இப்போதும் அந்தந்த வீட்டுக்காரர் கையில்தான் இருக்கிறது.