பேகம் ருகையா: ஐந்து மாணவியருடன் தொடங்கிய கல்விப் பணி

கல்வி தேடுவது முஸ்லிம் ஒவ்வொருவர் மீதும் கடமை என்னும் நபிமொழியை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அக்கடமையில் பெண்களுக்குரிய பங்கைச் சமுதாயம் எந்த அளவுக்கு நிறைவேற்றியது என வரலாற்றை வினவினால் நாம் தலைகுனிய நேரிடும். அவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் வங்காளத்துப் பேகம் ருகையா சகாவத் ஹுசைன்.

அம்மையார் 1880ஆம் ஆண்டு ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்த் கிராமத்தில் ஜமீன்தார் குடும்பமொன்றில் பிறந்தார். வங்காளத்து மேட்டுக்குடி முஸ்லிம்கள் வங்க மொழியைத் தமக்குரியதாகக் கருதாத காலம் அது. பெண்மக்களின் கல்வி குர்ஆன் ஓதுவதோடு பெரும்பாலும் நின்றுவிடும். தமக்கை கரீமுன்னிஸா வங்க மொழியையும், தமையன் இப்ராஹீம் ஸாபிர் ஆங்கிலத்தையும் அவருக்குக் கற்பித்தனர். தமையனின் பாடம் வீட்டார் உறங்கிய பின்னரே நடந்தது.

பின்னர் அவர் பாகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக விளங்கிய சகாவத் ஹுசைனை மணந்தார். மனைவியை எழுதத் தூண்டிய அப்பெருந்தகை, பெண்கள் பள்ளிக்கென 10,000 ரூபாயும் ஒதுக்கிவைத்தார். ஆடவர் வீட்டினுள் அடைபட்டிருக்க, பெண்கள் அறிவியல் துணைகொண்டு நாடாளும் கற்பனை உலகைச் சித்திரிக்கும் 'சுல்தானாவின் கனவு' என்னும் அம்மையாரின் ஆங்கிலக் கதை, 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' இதழில்தான் அச்சேறியது.

1909இல் கணவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பள்ளி தொடங்கிற்று. குடும்பப் பிணக்கினால் அவ்வூரை விட்டகன்ற அம்மையார், 1911 மார்ச் 16 அன்று கொல்கத்தாவின் வலியுல்லாஹ் சந்தில் எட்டு மாணவியருடன் அதனை மீண்டும் தொடங்கினார். தாம் பள்ளியில் பயின்றறியாதவராதலின், பிற பள்ளிகளுக்குச் சென்று அவை நடைபெறும் முறையைக் கண்டறிந்தார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பெண்மக்களைக் கேட்டுப் பெற்றார்.

மாணவியரை அழைத்துவர அமர்த்திய மோட்டார் வண்டி முற்றிலும் மூடப்பட்டிருந்ததால், காற்றின்றிச் சிறுமியர் மயங்கினர். அடைப்பை நீக்கித் திரையிட்டபோது, திரை காற்றில் பறந்து பர்தா கெடுகிறதெனக் கண்டனக் கடிதங்கள் வந்தன. இதனை அம்மையாரே 1931இல் வெளிவந்த 'அவரோதபாசினி' நூலில் பதிவு செய்துள்ளார்.

'சுல்தானாவின் கனவு' எழுதியவர் திரையிட்ட வண்டியை ஏற்றது முரண்பாடன்றோ எனச் சிலர் வினவலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. திரையை முற்றிலும் அகற்றியிருந்தால் பெற்றோர் பிள்ளைகளை நிறுத்தியிருப்பர், பள்ளியே மூடப்பட்டிருக்கும். பர்தா வேறு, பெண்ணை அடைத்துவைக்கும் வழக்கம் வேறு என்று தெளிந்திருந்த அவர், பள்ளி நிலைபெறும் பொருட்டுத் தாமும் பர்தா பேணி வந்தார்.

1932 டிசம்பர் 9 அன்று அவர் மறைந்தபோது, பெண்ணுரிமை குறித்த கட்டுரையொன்று முற்றுப்பெறாமல் இருந்தது. அவர் நிறுவிய பள்ளி இன்றும் கொல்கத்தாவில் இயங்கி வருகிறது.

அக்கண்டனக் கடிதங்களை எழுதியோரும் மார்க்கத்தைக் காப்பதாகவே எண்ணியிருப்பர். மார்க்கம் போதிக்கும் பொறுப்பிலுள்ள நமக்கு அந்நினைவு அச்சத்தைத் தருகிறது. அவ்வச்சம் நம்மிடம் என்றும் நிலைத்திருப்பது நல்லது.