திண்ணையும் சட்டமும்

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்திற்கு வருவோர் பலர். பேரருவியைக் கண்டு வியக்கின்றனர். ஐந்தருவியில் நீராடி மகிழ்கின்றனர். திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சி பாடிய மலையன்றோ இது என்று பெருமிதம் கொள்கின்றனர். ஆனால் அங்கிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள தென்காசியின் தெருக்களில் மெல்ல நடந்து பார்ப்பவர் சிலரே. அவ்வாறு நடப்போர் வீட்டுக்கு வீடு ஒரு காட்சியைக் காண்பர். திண்ணையில் பெண்கள் அமர்ந்திருப்பர். மடியில் சுளகு இருக்கும். சுளகின் ஒரு பக்கம் அளவாக வெட்டிய இலை. மறு பக்கம் புகையிலைத் தூள். விரல்கள் இலையை எடுக்கும், தூளை இடும், சுற்றும், மடக்கும், நூலால் கட்டும். வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் நிற்பதில்லை.

இப்பெண்கள் தொழிலாளர்களா? இதென்ன கேள்வி என்று மாணவ நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டின் நீதிமன்றங்களும் பாராளுமன்றமும் பல்லாண்டுகள் முயன்றன. அந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

முதலில் என் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்று. என் ஆச்சி பீடி சுற்றியே எங்கள் குடும்பத்தைத் தாங்கினார். மாலையில் கூடையைச் சுமந்துகொண்டு அவருடன் பீடிக் கடைக்குச் செல்வது என் வேலை. கடைக்காரர் கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பார். சிலவற்றை ஒதுக்கி எறிவார். ஒதுக்கியவற்றுக்குக் கூலி இல்லை. ஆனால் அவற்றைத் திருப்பியும் தருவதில்லை. ஒருநாள் வழியில் கேட்டேன்: “ஆச்சி, கழிச்ச பீடியை அவரே வச்சுக்கிட்டாரே, அதுக்குத் துட்டு கிடையாதா?” ஆச்சி கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். “நமக்கு யார் இருக்கா கேக்கதுக்கு?” என்றார்.

அவ்விடை என் நெஞ்சில் முள்ளாய்த் தங்கியது. பின்னர்க் கல்லூரியில் வரலாறு பயின்றபோதுதான் உண்மை விளங்கிற்று. ஆச்சி கேட்கத் தயங்கிய கேள்விக்கு விடை அச்சேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் தெருவுக்குத்தான் அது வந்து சேரவில்லை.

தொழிலாளர் சட்டம் ஆலையின் வாயிலில் பிறந்தது. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ஆம் ஆண்டில் வந்தது. நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும், இயந்திரம் இயங்கும் ஆலைகளை மட்டுமே அது கருதியது. ஏழு வயதுக்குட்பட்ட சிறுவரை வேலைக்கு வைத்தலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. எத்துணைச் சிறிய தொடக்கம் பாருங்கள்! 1908இல் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்குவிக்க வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றனர். அன்று தென்காசியும் தூத்துக்குடியும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. ஆலைத் தொழிலாளர் ஒரு வாயிலில் கூடினர். ஆகவே ஒரு குரலில் பேச முடிந்தது. திண்ணையில் தனித்தனியே அமர்ந்தோர்க்கு அவ்வாயில் எங்கே?

1929இல் அமைக்கப்பெற்ற விட்லி ஆணைக்குழு பீடிக் கூடங்களையும் ஆராய்ந்தது. பெற்றோர் வாங்கிய கடனுக்குப் பிணையாகச் சிறுவர்கள் அங்கே உழைத்ததை அது வெளிப்படுத்தியது. அதன் விளைவாக 1933இல், பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு சட்டம் பிறந்தது. நாடு விடுதலை பெற்றபின் 1948இல் இரண்டு பெரிய சட்டங்கள் தோன்றின. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பீடித் தொழிலையும் தன் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. புதிய தொழிற்சாலைச் சட்டமோ, இயந்திர விசை இல்லாத இடமாயின் இருபது பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்றது. இங்கேதான் ஒரு சூழ்ச்சிக்கு வழி பிறந்தது. பீடிக்கு இயந்திரம் வேண்டியதில்லை. இருபது பேர் கூடும் கூடத்தைக் கலைத்துவிட்டு, இலையையும் தூளையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் போதும். தொழில் நடக்கும், தொழிற்சாலை மறைந்துவிடும்!

வழக்குகள் எழுந்தன. 1958இல் சிந்தாமன் ராவ் வழக்கில், பொருளைப் பெற்றுப் பீடி செய்து தருவோர் தனி ஒப்பந்தக்காரரே, தொழிலாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1960 டிசம்பரில் பிர்திசந்த் சர்மா வழக்கு முடிந்தது. பதினைந்து நாள் விடுப்புக்குரிய கூலி கேட்ட நாகபுரித் தொழிலாளர் மூவரின் வழக்கு அது. தாம் விரும்பிய நேரத்தில் ஆலைக்கு வந்து போயினும் அவர்கள் தொழிலாளரே என்று தீர்ப்பாயிற்று. அடுத்த ஆண்டிலேயே, சங்கர் பாலாஜி வாஜே வழக்கில், ஏறத்தாழ அதே நிலையிலிருந்த ஒருவரைத் தொழிலாளர் அல்லர் என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். ஒரே தொழில், ஒரே சுளகு. ஓராண்டு இடைவெளியில் இருவேறு விடைகள்!

மாநிலங்களும் வாளாவிருக்கவில்லை. சென்னை அரசு 1958இலேயே பீடிக் கூடங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. ஆனால் ஒரு மாநிலம் சட்டம் செய்தால் தொழில் எல்லை தாண்டி அடுத்த மாநிலத்திற்குப் பெயர்ந்துவிடும். ஆதலின் நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. ஏ. கே. கோபாலன் பாராளுமன்றத்தில் இதற்காக உழைத்தவருள் ஒருவர். 1966 நவம்பரில் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டத்தின் உயிர்நிலை அதன் இலக்கணப் பகுதியே. முதலாளியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ மூலப்பொருள் பெற்று வீட்டில் பீடி சுற்றுபவரும் தொழிலாளரே என்று அது தெளிவாகச் சொல்லிற்று. கூடங்களில் வேலை நாளுக்கு ஒன்பது மணி, வாரத்திற்கு நாற்பத்தெட்டு மணிக்கு மேற்படலாகாது என்றது. இருபது நாள் உழைத்த வயது வந்தோர்க்கு ஒருநாள் ஊதிய விடுப்பு என்றது. ஆறு மாதம் பணி செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய கூலியோ இன்றி நீக்கலாகாது என்றது. பிள்ளைப்பேற்று உதவிச் சட்டத்தையும் இவர்களுக்கு உரியதாக்கிற்று. இன்னும் ஒன்று: இலை தருவதிலோ, பீடியைக் கழிப்பதிலோ, கழித்ததற்குக் கூலி தருவதிலோ வீட்டுத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் பிணக்கு நேர்ந்தால், அதைத் தீர்க்க அதிகாரி ஒருவரை அரசு குறிக்க வேண்டும் என்றது. என் ஆச்சியின் கூடைக்குள் இருந்த கேள்வியை அப்படியே எடுத்து எழுதியதுபோல் இருந்தது அந்தப் பிரிவு. அதைப் படித்த நாளில் நூலகத்தில் நெடுநேரம் வாளா அமர்ந்திருந்தேன்.

சட்டம் வந்தவுடன் இன்னல் அகன்றுவிடவில்லை. கண்ணூரில் பெருங்கூடங்கள் மூடப்பட்டன. வேலையிழந்தோர் 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவை அமைத்து எழுந்து நின்றனர். முதலாளிமார் சட்டத்தையே எதிர்த்து வழக்காடினர். 1974 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1976இல் நலநிதிச் சட்டம் வந்தது. மருத்துவ நிலையங்களும், முக்கூடலில் மருத்துவமனையும், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகையும் அவ்வழியில் கிடைத்தவை. 1977இல் வருங்கால வைப்பு நிதி பீடித் தொழிலுக்கும் விரிந்தது. வீட்டில் சுற்றுவோர்க்கு அது இல்லை என்று மீண்டும் வழக்கு! 1985இல் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடை கூறிற்று: பீடியைக் கழிக்கும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவரிடமே வேலையின் மேற்பார்வையும் உள்ளது, ஆகவே வீட்டில் சுற்றுவோரும் அவர்தம் தொழிலாளரே.

நேயர்களே, இதன் நுட்பத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கடைக்காரர் ஒதுக்கி எறிந்த அந்தக் கையை நாங்கள் அவமானம் என்றே கருதினோம். நீதிமன்றமோ அந்தக் கையையே சான்றாகக் கொண்டது. கழிக்க உரிமையுடையவர் முதலாளி. முதலாளி உண்டெனில் தொழிலாளியும் உண்டு. தொழிலாளி உண்டெனில் உரிமையும் உண்டு. ஆச்சியின் தாழ்வு எனத் தோன்றியதே அவர் உரிமைக்கு வேராய் இருந்தது.

காலம் மாறிற்று. பீடியின் மீதான நலவரி 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது நீக்கப்பட்டது. தென்காசி 2019இல் தனி மாவட்டம் ஆயிற்று. 1966ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளிட்ட பல பழைய சட்டங்களின் இடத்தில், 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றுள் ஒன்றில் பீடித் தொழிலுக்கெனத் தனிப் பகுதி உண்டு. புகையிலையால் விளையும் கேட்டை அறிந்தோர் இத்தொழில் குறைவது நன்றென்பர். நானும் அதை மறுக்கவில்லை. ஆயினும் தொழில் குறையும் நாளிலும் தொழிலாளியின் உரிமை குறையலாகாது. இன்று வீட்டிலிருந்தே தையல், பொதியிடல் முதலிய பணிகளைச் செய்வோர்க்கும் இவ்வரலாறு பொருந்தும். 1996இல் ஜினீவாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு வீட்டுத் தொழிலாளர்க்கென ஓர் உடன்படிக்கை வகுத்தது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே நம் சட்டம் திண்ணையைக் கண்டுகொண்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் ஏட்டிலுள்ள உரிமை வீட்டுக்கு வர வேண்டுமாயின், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் அதை எடுத்துவர வேண்டும். மாணவர்களே, உங்கள் தாயோ அத்தையோ இலை வாங்கும் கணக்குப் புத்தகத்தை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அது அவர் பெயரில் இருக்கிறதா? கொடுத்த பீடியும் பெற்ற கூலியும் அன்றன்று பதியப்படுகின்றனவா? வைப்பு நிதிக்கு எண் உண்டா? இல்லையெனில் தொழிலாளர் துறை அலுவலகத்திற்கு அவருடன் செல்லுங்கள்.

“நமக்கு யார் இருக்கா கேக்கதுக்கு?” என்று என் ஆச்சி கேட்டார். அன்று கூடையைத் தூக்கிச் சென்ற சிறுவனுக்கு விடை தெரியவில்லை. உங்களுக்குத் தெரியும்.