நெதர்லாந்து விடுதலை: எட்டு மாத இடைவெளி

1944 செப்டம்பர் 12ஆம் நாள் அமெரிக்காவின் 30ஆம் காலாட்படைப் பிரிவு பெல்ஜிய எல்லையைத் தாண்டி லிம்பர்க் மாகாணத்தின் மெஷ் என்ற சிற்றூருக்குள் நுழைந்தபோது, நான்காண்டுகளுக்கும் மேலாக நாஜி ஜெர்மனியின் பிடியில் இருந்த நெதர்லாந்தின் முதல் துண்டு நிலம் விடுதலை பெற்றது. அங்கிருந்து நேர்கோட்டில் இருநூறு கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவிலுள்ள ஆம்ஸ்டர்டாமோ 1945 மே மாதம் வரை காத்துக்கிடந்தது. எந்த ஊருக்கு எப்போது விடுதலை வரும் என்பதைத் துறைமுகங்களும் பாலங்களும் எரிபொருள் வரத்துமே முடிவுசெய்தன என்பதையும், அந்தக் கணக்கில் பசித்த மக்களுக்குப் பின்வரிசைதான் கிடைத்தது என்பதையும் இந்த எட்டு மாத வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

தாமதத்தின் முதல் வேர் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் இருக்கிறது. செப்டம்பர் 4 அன்று பிரிட்டிஷ் கவசப்படை அந்நகரைக் கைப்பற்றியபோது, பெல்ஜிய எதிர்ப்பியக்கத்தாரின் முயற்சியால் கப்பல் துறைகள் ஏறத்தாழச் சேதமின்றிக் கிடைத்தன. ஆனால் கடலிலிருந்து ஆண்ட்வெர்ப்புக்கு வரும் கப்பல்கள் ஷெல்டு ஆற்றின் நீண்ட கழிமுகத்தைக் கடந்தாக வேண்டும் என்பதும், அதன் இரு கரைகளும் ஜெர்மானியரிடமே இருந்தன என்பதும் அவ்வேளையில் உரிய கவனம் பெறவில்லை. வடக்கே விரைந்து ரைன் ஆற்றைக் கடந்துவிட்டால் போர் ஆண்டு முடிவதற்குள் ஓய்ந்துவிடும் என்ற நம்பிக்கை தளபதி மான்ட்கோமரியை ஆட்கொண்டிருந்ததே அதற்குக் காரணம்.

அந்த நம்பிக்கை நெதர்லாந்து மக்களையும் தொற்றியது. நேசப்படைகள் எல்லையைக் கடந்துவிட்டன என்று லண்டன் வானொலியில் வந்த செய்தியைக் கேட்டு, செப்டம்பர் 5 அன்று மக்கள் வரவேற்க வீதிக்கு வந்தனர். நாஜிகளுக்குத் துணைபோன உள்நாட்டவர் குடும்பத்தோடு ரயிலேறி ஜெர்மனிக்கு ஓடினர். ‘பைத்தியக்காரச் செவ்வாய்’ என்று பின்னர் பெயர்பெற்ற அந்த நாளில் எந்தப் படையும் வரவில்லை. செப்டம்பர் 17 அன்று ‘மார்க்கெட் கார்டன்’ என்ற நடவடிக்கை தொடங்கியது. ஐந்தோவன், நைமேகன், ஆர்னெம் நகரங்களின் பாலங்களை வானிலிருந்து இறங்கும் மூன்று படைப்பிரிவுகள் பிடித்து வைத்திருக்க, ஒரே ஒரு சாலை வழியே தரைப்படை வந்து அவற்றோடு சேர்வது அதன் திட்டம். முதல் இரு நகரங்கள் விடுபட்டன. ஆர்னெமில் இறங்கிய ஏறத்தாழப் பத்தாயிரம் பேரில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரே ஆற்றைக் கடந்து மீண்டனர். பெருநதிகளுக்குத் தெற்கே விடுதலை, வடக்கே ஆக்கிரமிப்பு என்று நாடு இரண்டாகப் பிளவுபட்டது.

இந்தத் தோல்வியின் முழு விலையைச் செலுத்தியவர்கள் படைவீரர்களைவிடப் பொதுமக்களே. வான்படை இறங்கிய அதே நாளில், எதிரியின் போக்குவரத்தை முடக்குவதற்காக, லண்டனில் இயங்கிய நெதர்லாந்து அரசு ரயில்வே வேலைநிறுத்தத்துக்கு ஆணையிட்டது. முப்பதாயிரம் ஊழியர் வேலையை விட்டுத் தலைமறைவாயினர். ஜெர்மானியர் தம் நாட்டு ரயில் ஊழியரைக் கொண்டுவந்து படை ரயில்களை ஓட்டிக்கொண்டனர். உணவும் நிலக்கரியும் ஏற்றிவந்த ரயில்கள்தாம் நின்றன. ஆக்கிரமிப்பு ஆட்சியின் தலைவரான செய்ஸ்-இன்க்வார்ட், பழிவாங்கும் நோக்கில் மேற்கு மாகாணங்களுக்கு உணவு கொண்டுசெல்லத் தடைவிதித்தார். நவம்பரில் படகுப் போக்குவரத்துக்கு அத்தடை தளர்த்தப்பட்டபோதும், குளிர் கடுமையாகிக் கால்வாய்கள் உறைந்துபோயின. சில நாட்களுக்கென்று தொடங்கிய வேலைநிறுத்தத்தைத் தோல்விக்குப் பின்னும் லண்டன் அரசு திரும்பப் பெறவில்லை. ஊழியர்களின் துணிவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அரசின் பிடிவாதத்தை அவ்வாறு சொல்வதற்கில்லை. தலைமறைவானவர்களின் குடும்பங்களுக்குச் சம்பளம் தவறாமல் போய்ச் சேர்ந்ததற்கு, போலிக் கருவூலப் பத்திரங்களை மத்திய வங்கிக்குள் நுழைத்து அசல் பத்திரங்களை வெளியே எடுத்துப் பணம் திரட்டிய வால்ராவன் வான் ஹால் என்ற வங்கியாளரே காரணம். 1945 பிப்ரவரியில் அவர் ஹார்லெமில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

‘பட்டினிக் குளிர்காலம்’ என்று வரலாற்றில் பதிந்த அம்மாதங்களில், மேற்கு நகரங்களில் ஒருவருக்கான பங்கீட்டு உணவு பிப்ரவரி இறுதியில் நாளொன்றுக்கு அறுநூறு கலோரிக்கும் கீழே இறங்கியது. மக்கள் சர்க்கரை பீட் கிழங்கையும், மலர்ச் சாகுபடிக்கென வைத்திருந்த டூலிப் கிழங்கையும் வேகவைத்துத் தின்றனர். டயர் இல்லாத சைக்கிள்களில் நாட்கணக்கில் பயணம்செய்து, கட்டில் விரிப்பையும் கைக்கடிகாரத்தையும் குடியானவர்களிடம் கொடுத்து உருளைக்கிழங்கு வாங்கிவந்தனர். ஆம்ஸ்டர்டாமில் டிராம் தண்டவாளங்களுக்கிடையே பதித்திருந்த மரக்கட்டைகள் அடுப்பெரிக்கப் பெயர்த்தெடுக்கப்பட்டன. அவை தீர்ந்தபின், நாடுகடத்தப்பட்ட யூதர்களின் ஆளற்ற வீடுகளில் புகுந்து படிக்கட்டுகளையும் உத்தரங்களையும் அறுத்தெடுத்தனர். சில வீடுகள் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் மீதே இடிந்து விழுந்தன. அவ்வீடுகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் அதற்குள் கொல்லப்பட்டிருந்தனர் என்பதைச் சேர்த்துச் சொல்லாமல் அந்த விறகின் கதையைச் சொல்வது முறையன்று. பசியாலும் அதையொட்டிய நோயாலும் குறைந்தது 20,000 பேர் மாண்டனர்.

1945 மார்ச் இறுதியில் நேசப்படைகள் ரைனைக் கடந்தபின் கனடாவின் முதலாம் படை நாட்டின் கிழக்கையும் வடக்கையும் ஏப்ரலில் விரைவாக விடுவித்தது. எனினும் மேற்கின் வாசலில், கிரெபே பாதுகாப்புக் கோட்டருகே, அது நின்றுவிட்டது. கடல்மட்டத்துக்குத் தாழ்வான நிலத்தைக் கரைகட்டி, நீரிறைத்து உருவாக்கும் விளைநிலத்துக்குப் போல்டர் என்று பெயர். ஏப்ரல் 17 அன்று ஜெர்மானியர் கரையை வெடிவைத்துத் தகர்த்து வீரிங்கர்மீர் என்னும் பெரும் போல்டரை மூழ்கடித்திருந்தனர். படை முன்னேறினால் மேற்கு முழுவதும் அவ்வாறே நீரில் மூழ்கக்கூடும் என்ற அச்சம், பேச்சுவார்த்தைக்கு வழிவிட்டது. ஏப்ரல் 30 அன்று அக்டர்வெல்டு கிராமப் பள்ளிக்கூடத்தில் நேசப்படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவரின் பணியாளர் குழுத் தலைவர் பெடல் ஸ்மித்தும் செய்ஸ்-இன்க்வார்ட்டும் நேருக்குநேர் அமர்ந்தனர். சரணடைய மறுத்த அந்த நாஜி, உணவை அனுமதிக்க இசைந்தார். அவரிடமிருந்து எதிர்ப்பியக்கத்தார் கவர்ந்த காரிலேயே நெதர்லாந்து இளவரசர் பெர்னார்டு அக்கூட்டத்துக்கு வந்திறங்கியிருந்தார்.

முந்திய நாளே பிரிட்டிஷ் லங்காஸ்டர் விமானங்கள் பறக்கத் தொடங்கியிருந்தன. அதுவரை குண்டு சுமந்த அறைகளில் மாவு, முட்டைத்தூள், டப்பா இறைச்சி, சாக்லேட் மூட்டைகளை நிரப்பி, சுமார் 150 மீட்டர் உயரத்தில், வான்குடையின்றியே அவை கொட்டின. மே 1 முதல் அமெரிக்க விமானங்களும் சேர்ந்துகொள்ள, பத்து நாட்களில் ஏறத்தாழ 11,000 டன் உணவு இறங்கியது. அதைத் திரட்டிப் பிரித்து வழங்க நாட்கள் பிடித்ததால் பல வீடுகளுக்கு அது சரணடைவுக்குப் பிறகே எட்டியது. எனவே அந்த விமானங்களின் முதல் பயனை வயிற்றில் தேடுவதைவிடத் தெருவில் நின்று கையசைத்தவர்களின் மனத்தில் தேடுவதே பொருந்தும்.

மே 5 அன்று வாகனிங்கன் நகர விடுதியொன்றில் கனடியத் தளபதி ஃபோக்ஸ், ஜெர்மானியத் தளபதி பிளாஸ்கோவிட்ஸிடம் சரணடைவு விதிகளை முன்வைத்தார். சாவு அன்றோடு நிற்கவில்லை: மே 7இல் ஆம்ஸ்டர்டாமின் டாம் சதுக்கத்தில் கூடிய மக்கள் மீது ஜெர்மன் கடற்படையினர் சுட்டதில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், டெக்ஸல் தீவில் ஜெர்மன் சீருடையில் இருந்த ஜார்ஜிய வீரர்கள் ஏப்ரலில் தொடங்கிய கிளர்ச்சி, மே 20இல் கனடியர் வந்திறங்கிய பின்பே ஓய்ந்தது.

ஷெல்டு கழிமுகத்திலுள்ள வால்கெரன் தீவின் கணக்கு அதற்குப் பிறகும் முடியவில்லை. ஆண்ட்வெர்ப்புக்கு வழிதிறக்கும் பொருட்டு, 1944 அக்டோபரில் வெஸ்ட்காப்பெல்லில் இருந்த கடற்கரை அணையைத் தகர்த்தவை நேச நாட்டு விமானங்களே. அக்குண்டுவீச்சில் அவ்வூரார் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், தீவின் வயல்களில் உப்புநீர் ஏறியது. நவம்பர் 28இல் ஆண்ட்வெர்ப்பை அடைந்த முதல் கப்பல் வரிசை நேசப்படைகளுக்குச் சரக்குகளைக் கொண்டுவந்தது; வால்கெரனிலோ நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நார்மண்டித் தரையிறக்கத்தில் செயற்கைத் துறைமுகம் அமைக்கச் செய்து மிஞ்சியிருந்த கான்கிரீட் பெட்டகங்களை இழுத்துவந்து உடைப்புகளில் அமிழ்த்தி, 1946 பிப்ரவரியில்தான் கடைசி உடைப்பை அடைத்தார்கள்.